அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வரலாற்றின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் ஷெல்தானா?

இல்லை. 1989-இல் ரைடர்ஸ் அணியின் பொறுப்பை ஏற்ற ஆர்ட் ஷெல்லை "நவீன காலத்தின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்" என்றே எழுதுவார்கள். "நவீன காலத்தின்" என்ற அடைமொழியை நீக்கிவிட்டால், அவருக்கு 68 ஆண்டுகளுக்கு முன்பே, 1921-இல், ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் புரோஸ் அணிக்கு எல்ஜி டோபினுடன் இணைந்து பயிற்சியளித்த ஃபிரிட்ஸ் போலார்டின் பெயர்தான் அந்த இடத்தில் வரவேண்டும்.

போலார்ட் 1894-இல் சிகாகோவில் பிறந்தவர்; ஐந்தடி ஒன்பது அங்குல உயரமும் ஏறத்தாழ 75 கிலோ எடையும் கொண்ட, இந்த ஆட்டத்துக்குச் சிறியதென்றே சொல்லத்தக்க உடலமைப்பு அவருடையது. பிரவுன் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய அவர், 1916 புத்தாண்டு நாளன்று, கல்லூரி அணிகளுக்கான புகழ்பெற்ற ரோஸ் பவுல் போட்டியில் களமிறங்கிய முதல் கறுப்பின வீரரானார். மழையில் சேறான அந்த மைதானத்தில் வாஷிங்டன் ஸ்டேட் அணியிடம் பிரவுன் 14-0 எனத் தோற்றது. ஆனால் அதே ஆண்டின் அடுத்த பருவத்தில், யேல், ஹார்வர்ட் என்ற இரு பெரும் அணிகளையும் அடுத்தடுத்த வாரங்களில் பிரவுன் வீழ்த்தியதற்கு அவருடைய ஓட்டமே முதன்மைக் காரணம். கீழே விழுந்தவர்மீது எதிரணியினர் வேண்டுமென்றே பாய்ந்து மிதிப்பது அன்று வழக்கமாக இருந்ததால், விழுந்தவுடன் மல்லாந்து புரண்டு கால்களை மேலே மடக்கிக்கொள்ளும் தற்காப்பு முறையை அவர் பழகியிருந்தார். அவர் எத்தகைய சூழலில் ஆடினார் என்பதற்கு எந்தப் புள்ளிவிவரத்தையும்விட இதுவே நல்ல சான்று என்பேன்.

1920-இல், பின்னாளில் என்.எஃப்.எல். என்று பெயர்மாறிய தொழில்முறை லீக் தொடங்கியபோது, அதில் ஆடிய கறுப்பின வீரர்கள் இருவரே: போலார்டும் பாபி மார்ஷலும். அந்த முதல் பருவத்தில் ஒரு தோல்வியும் இன்றி எட்டு வெற்றி, மூன்று சமநிலை என முடித்த ஏக்ரன் அணியே சாம்பியன் ஆனது. அந்த அணியின் நட்சத்திரமாக இருந்தும், ஊர்க்காரர்களின் வெறுப்புக்கு அஞ்சி உடைமாற்றும் அறைக்குச் செல்லாமல், அணி உரிமையாளரின் சுருட்டுத் தொழிற்சாலையில் உடை மாற்றிக்கொண்டு காரில் மைதானத்துக்கு வந்ததாகப் போலார்டே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு ஆட்டக்காரராக இருந்துகொண்டே பயிற்சிப் பொறுப்பையும் ஏற்றார்; பின்னர் ஹாமண்ட் புரோஸ் அணிக்கும் பயிற்சியளித்தார். மில்வாக்கி பேட்ஜர்ஸ் அணியில் அவருடன் ஆடியவர்களுள் பிற்காலத்தில் பாடகராகவும் நடிகராகவும் உலகப்புகழ் பெற்ற பால் ரோப்சனும் ஒருவர்.

இவ்வளவு பெரிய பெயர் எப்படி மறக்கப்பட்டது? அன்றைய பயிற்சியாளர் பதவி இன்றுள்ளதுபோல் வரையறுக்கப்பட்டதன்று என்பது உண்மை. டோபினின் பெயரும் உடனிருப்பதால் போலார்டை முதலாமவர் என்று சொல்லச் சிலர் இன்றும் தயங்குகிறார்கள். ஆனால் முக்கியக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. எழுதி வைக்கப்படாத அந்தத் தடைக்காலம் முடிந்து 1946-இல் கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும் ராம்ஸ் அணியில் சேர்ந்தபோது, அவர்களுக்கு முன் ஒரு தலைமுறை ஆடிச் சென்றதையே பலர் மறந்திருந்தனர். இடைப்பட்ட காலத்தில், 1930-களின் நடுவில், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த கறுப்பின அணியான பிரவுன் பாம்பர்ஸுக்குப் போலார்ட் பயிற்சியளித்துக்கொண்டிருந்தார்.

ஆர்ட் ஷெல்லின் நியமனத்தை அவர் பார்க்கவில்லை. 1986-இல், தம் 92-ஆம் வயதில் காலமானார். தொழில்முறை ஆட்டத்தின் புகழரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2005-இல்தான்.