வாசகர் கேள்வி – பதில்: கடனும் வேலையும் ஓர் உயிரும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடன், வேலை, தூக்கமில்லாத இரவு என்றே இருந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்கள் யாருடைய பெயரையும் போடவில்லை, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரர் ரொம்ப வருசம் அடுத்தவங்க போட்டுல கூலிக்குப் போயிட்டு, வட்டிக்கு வாங்கி ஒரு பழைய விசைப்படகு எடுத்தார். அதை இலங்கை நேவி பிடிச்சுக்கிட்டு போயிட்டான். ஆள் திரும்பி வந்துட்டார், போட்டு வரல. இப்ப யார்கிட்டயும் பேசறதில்ல. நேத்து, "நான் இல்லாட்டி உங்களை ஒருத்தனும் வந்து கேக்க மாட்டான்"னு சொன்னார். சும்மா சொல்றாரா, நான் பயப்படணுமா? ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போகலாமா? (பாம்பன்)

பதில்: பயப்பட வேண்டும் தங்கச்சி. சும்மா சொல்கிறார் என்று விடவே கூடாத பேச்சு அது. இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மனதில் போட்டுவிடுவோமோ என்று எல்லோருக்கும் தயக்கம் இருக்கிறது, அப்படி ஆகாது, கேட்ட பிறகு பல பேருக்கு அழுகை வரும், பேச்சு வரும். "பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அவர் பிள்ளைகளை நினைத்துத்தான் அப்படிப் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதைக் கேளுங்கள். தனியாக விடாதீர்கள், அவர் மதிக்கிற ஒரு ஆளை, அண்ணனோ மச்சானோ கூட வேலைக்குப் போன கூட்டாளியோ, ராத்திரி வீட்டில் தங்கச் சொல்லுங்கள்.

14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். டெலிமானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை. தமிழ்நாட்டின் 104 எண்ணும் இருக்கிறது. 1986-லிருந்து சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. அவர் பேச மறுத்தால் நீங்களே பேசுங்கள், வீட்டில் கூட இருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த எண்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

ஏர்வாடிக்குப் போய் துவா கேட்பதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவர் கட்டாயம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் இறந்தார்கள். நம் மாவட்டம் அதை மறக்கக் கூடாது. மனம் நோகிறவரை ஒளித்து வைப்பதும் கட்டி வைப்பதும் எங்கே கொண்டு போய் விடும் என்று நாம் பார்த்துவிட்டோம்.

அப்புறம் கடன். அவர் கொஞ்சம் தெளிந்ததும் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு கையில் வந்தது, இதுவரை எவ்வளவு கட்டியது. தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் என்று பேசி 8,500 கையில் கொடுத்து நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் வாங்குகிறார்கள். கேட்க 1,500 ரூபாய்தானே என்று இருக்கும், ஆனால் முதலும் தினம் குறைந்துகொண்டே வருவதால் வருடக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 120 பக்கம் வருகிறது. தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் 2003-லேயே தமிழ்நாடு சட்டம் தடை செய்துவிட்டது, மூன்று ஆண்டு வரை சிறை. எழுதிப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் முதலுக்கு மேல் கட்டி முடித்த கடன் ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும் என்றே நினைக்கிறேன். அந்தத் தாளோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கு அங்கே வக்கீல் உதவி இலவசம்.

கேள்வி: நான் மகளிர் குழுத் தலைவி. குழுவில் ஒருத்தி, கடல்பாசி எடுக்கப் போகிறவள், தவணை கட்டவில்லை. லோன் கொடுத்த கம்பெனி ஆள், "அவ வீட்டு வாசல்ல போய் எல்லாரும் உக்காருங்க, கட்டாம எந்திரிக்காதீங்க" என்கிறார். போகாவிட்டால் அடுத்த லோன் எங்களுக்கு இல்லையாம். நான் என்ன செய்வது? (மண்டபம்)

பதில்: போகாதீர்கள். அவள் கழுத்தளவு தண்ணீரில் மூழ்கி, விரலில் துணி சுற்றிப் பாறையில் பாசி பறிக்கிறவள். காற்று மாறினால் வேலை இல்லை, தீவுப் பக்கம் போனால் வனத்துறை தடுக்கும். வாரத் தவணைக்கு இந்தக் காற்றும் தெரியாது, கடலும் தெரியாது. ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதிப்படி, ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து போகக் கூடாது, அதைப் பார்த்துத்தான் கடனே கொடுக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்து கேட்கக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்கிறவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. 2025-ல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே தனிச் சட்டமும் கொண்டுவந்திருக்கிறது, வசூல் நெருக்கடியால் ஒருவர் உயிரை விட்டால் அது தற்கொலைக்குத் தூண்டிய குற்றமாகிறது. வாசலில் உட்காரச் சொன்ன ஆள் நாளைக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவார், நீங்கள் அவள் முகத்தில் தினமும் முழிக்க வேண்டும். அந்த ஆளிடம், "இதை எழுத்தில் குடுங்க சார்" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் போன மாதம் மீனவர் ஒருவர் தன் உயிரை விட்டுவிட்டார். துக்க வீட்டிலேயே குடிதான் காரணம், கோழை என்று பேசினார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (தங்கச்சிமடம்)

பதில்: காற்றிலும் மழையிலும் ராத்திரி முழுக்க வலை இழுத்தவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது தம்பி. குடி ஒரு காரணமாக இருக்கலாம், அது ஆபத்தைக் கூட்டுகிறது என்பதும் உண்மைதான். மனநோய், வீட்டுச் சண்டை என்று பலதும் சேர்ந்திருக்கும், ஒற்றைக் காரணத்தால் யாரும் போவதில்லை. ஆனால் குடியைச் சொன்னதோடு விசாரணை முடிந்துவிடுகிறதே, அதுதான் எனக்கு ஆகவில்லை.

தொழிலைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக முதல்வர் 2023 ஆகஸ்ட்டில் மண்டபத்தில்தான் அறிவித்தார். நல்லதுதான், ஆனாலும் ஒரு வீட்டுக்கு நாளுக்கு 131 ரூபாய். தடை முடிந்தாலும் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழித்த பிறகுதான் பங்கு, மீன் படவில்லை என்றால் பங்கே இல்லை. உடனே ஓனரிடம் முன்பணம், முன்பணம் வாங்கியவர் வேறு படகுக்கு மாற முடியாது. ஓனரோ வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார், அதனால் வியாபாரி சொன்னதுதான் விலை. மேலே இருந்து ஒவ்வொருவரும் நஷ்டத்தைக் கீழே தள்ளிவிட, கடைசியில் நிற்கிறவர் தலையில் மொத்தமும் விழுகிறது. அக்கரையில் இலங்கையிலும் இதே கதைதான், நம் இழுவை வலையால் வலை அறுந்து கடனில் நிற்கிற தமிழ் மீனவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் நாம் பேச வேண்டும்.

வெளிநாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. பிரான்சில் பிரான்ஸ் டெலிகாம் என்ற பெரிய தொலைபேசி நிறுவனம், மூன்று வருடத்தில் 22,000 பேரைக் குறைக்கத் திட்டம் போட்டது. சட்டப்படி வேலையை விட்டு நீக்க முடியாதவர்களை ஊர் மாற்றி, வேலை மாற்றி, அவர்களாகவே போகும்படி நெருக்கினார்கள். ஜன்னல் வழியாகவோ வாசல் வழியாகவோ அனுப்பியே தீருவேன் என்று தலைவரே 2006-ல் பேசினார். அடுத்தடுத்து ஊழியர்கள் உயிரை விட்டபோது அங்கேயும் முதலில் சொந்தப் பிரச்சினை என்றுதான் சொன்னார்கள். வழக்கில் 39 பேரின் கதையை எடுத்துப் பார்த்தார்கள், அதில் 19 பேர் இறந்துபோனவர்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அந்தத் தலைவரையும் நிறுவனத்தையும் குற்றவாளி என்றது, நிர்வாகம் போட்ட திட்டமே துன்புறுத்தல் என்பதுதான் தீர்ப்பு. ஜப்பானில் 2015-ல் ஒரு விளம்பரக் கம்பெனியில் 24 வயதுப் பெண் ஓவர்டைம் வேலையில் நொறுங்கி இறந்தாள். அரசு அதை வேலையால் வந்த மரணம் என்று பதிவு செய்தது, கம்பெனித் தலைவர் பதவி விலகினார், 2018-ல் ஓவர்டைமுக்குச் சட்டத்திலேயே வரம்பு வந்தது.

நம் நாட்டில் 2022-ல் மட்டும் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. அதில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலி. இவ்வளவு பேரும் கோழைகளா? கடலில் வருகிற நஷ்டம் ஒரு தொழிலின் நஷ்டம், கடன் சீட்டில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர் என்பதற்காக அவமானத்தை அவர் ஒருவரே சுமக்க வேண்டுமா? உங்கள் சங்கக் கூட்டத்தில் டீசல் விலை பேசுகிற அதே நேரத்தில் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பதையும் பேசுங்கள் தம்பி. கஷ்டமாகத்தான் இருக்கும்.

கேள்வி: என் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். ராத்திரி ரெண்டு மணிக்கும் வேலை. "உம்மா, நெஞ்சு படபடன்னு வருது, ஆனா விட்டுட்டு வந்தா லோன் என்னாகும்"ங்கிறான். வரச் சொல்லலாமா? (கீழக்கரை)

பதில்: வரச் சொல்லுங்கள் உம்மா. முதலில் நெஞ்சை ஒரு டாக்டரிடம் காட்டட்டும், பத்து நாள் உங்கள் கையால் சாப்பிட்டுத் தூங்கட்டும், வேலையை விடுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். படிப்புக் கடன் என்றால் வங்கியில் எழுதிக் கொடுத்துத் தவணையை மாற்றி அமைக்கக் கேட்கலாம். "ஊர்ல என்ன சொல்வாங்க" என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்து மட்டும் வர வேண்டாம்.

கேள்வி: தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் மேல் போலீஸ் கேஸ் வரும் என்று ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகாமல் இருக்கிறார்கள். உண்மையா? (தொண்டி)

பதில்: பழைய பயம் அது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. போலீஸ் வந்து விவரம் கேட்டு எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், நடந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், வீட்டுக்கு அனுப்பும்போது மனநல மருத்துவரை அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.