வாசகர் கேள்விகள்: ஒரு வாரம்கூடத் தாங்காத டைம்டேபிள்

கேள்வி: ஒவ்வொரு செமஸ்டரும் டைம்டேபிள் போடுகிறேன், ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறேன். இரண்டு அரியர் வேறு. யாரும் விரட்டாமல் நானே படிக்க என்ன வழி?
– பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி, திண்டுக்கல்

பதில்: டைம்டேபிளை ஓரம் வையுங்கள். முதல் ஏழு நாள் கணக்கு மட்டும் எழுதுங்கள்: அரை மணிக்கு ஒரு வரி, உண்மையில் என்ன செய்தீர்கள் என்று. இரவில் மொத்தமாக எழுதினால் நினைவு நமக்குச் சாதகமாகவே பேசும். வகுப்பு, ரெக்கார்டு, ரீல்ஸ் எல்லாம் போக மிஞ்சுவது தினம் இரண்டு மணி நேரம்தான் என்றால், ஐந்து மணி நேரத்துக்குப் போட்ட அட்டவணை எப்படி நிற்கும்? அந்த இரண்டிலும் ஒன்றரை மணி நேரத்துக்கே வேலை ஒதுக்குங்கள். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள்.

‘யூனிட் 3 படிக்க வேண்டும்’ என்பது முடிந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாத இலக்கு. ‘யூனிட் 3-ல் இரண்டு 13 மார்க் கேள்விகள், புத்தகத்தை மூடிவைத்து, 50 நிமிடம்’ என்று எழுதுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 100 மார்க் என்றால், ஒரு 13 மார்க்குக்குக் கிடைப்பது சுமார் 23 நிமிடம். திரும்பத் திரும்ப வாசிப்பது ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நன்றாகத்தான் கைகொடுக்கும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களே முந்துகிறார்கள். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட சோதனை முடிவு இது.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ஒரு நிகழ்வோடு கட்டுங்கள். ‘எட்டு மணிக்கு’ என்று வைத்தால், மெஸ் வரிசையில் நிற்கும்போதே எட்டு தாண்டிவிடும், அன்றைய திட்டமும் போய்விடும். ‘இரவுச் சாப்பாடு முடித்து அறைக்கு வந்ததும் முதல் கேள்வியை எழுதுவேன்’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. தவறியதை மறுநாள் தலையில் ஏற்றாதீர்கள். பெரும்பாலான அட்டவணைகள் சரிவது இந்த இடத்தில்தான். ஞாயிறு காலையைக் காலியாக விட்டு, விட்டதை அதில் முடியுங்கள்.

கேள்வி: ‘கண்ணாடி முன் நின்று, என்னால் முடியும் என்று சொல்’ என்கிறார்கள் கல்லூரிப் பயிற்சியில். சுய தலைமைத்துவம் என்பது இதுதானா?
– பி.காம். மாணவர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. சுய தலைமைத்துவம் என்றால் தன்னைத் தானே வழிநடத்துவது. நிர்வாகவியல் பேராசிரியர் சார்ல்ஸ் மான்ஸ் 1986-ல் விரித்தெழுதிய இக்கருத்தை இன்று மூன்றாகப் பிரிக்கிறார்கள்: நடத்தையை ஒழுங்கு செய்வது, வேலைக்குள்ளேயே பிடித்ததைத் தேடுவது, எண்ணங்களைச் சரிபார்ப்பது. மூன்றாவதுகூடக் கோஷம் போடுவதல்ல. ‘எனக்கு அக்கவுண்ட்ஸ் வராது’ என்று மனம் சொன்னால், பழைய விடைத்தாளை எடுத்து மார்க் எங்கே போனது என்று பாருங்கள். பேலன்ஸ் ஷீட் வருகிறது, தேய்மானக் கணக்கில்தான் தடுமாற்றம் என்றால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. படிக்காத நாளுக்குச் சாப்பாட்டைத் தவிர்ப்பது போன்ற சுயதண்டனைகள் வேண்டாம். புத்தகத்தைக் கண்டாலே வெறுப்புதான் வரும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகன் எந்நேரமும் போனில். பிடுங்கி வைக்கலாமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: பிடுங்கினால் அது உங்கள் கட்டுப்பாடு, அவர் ஹாஸ்டலுக்குப் போகும் வரைதான் செல்லும். படிக்கும்போது போன் எங்கே இருக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்யட்டும். மேஜையில் கவிழ்த்து வைப்பது போதாது, வேறு அறைதான் நல்லது. ‘நோட்ஸ் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது’ என்பார். பிரிண்ட் எடுக்கக் காசு கொடுங்கள்.