"ஏதாவது பட்டப்படிப்பு" என்றால் என்ன?

கேள்வி: என் மகன் அரசுக் கல்லூரியில் பொறியியல் முடித்துவிட்டு, ரோபோட்டிக்ஸ் மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறான். அங்கேயே வேலை தேடிக்கொள்வான். "நாட்டுப் பணத்தில் படித்துவிட்டு எவனுக்கோ உழைப்பதா?" என்று என் தம்பி திட்டுகிறான். சேமிப்பெல்லாம் இதற்கே போய்விடுவதால் மகளை அஞ்சல்வழியில் ஏதாவது பட்டப்படிப்பில் சேர்க்கிறோம். நல்ல மார்க்தான், ஆனாலும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மகனை அனுப்புவது தவறா?

பதில்: இந்தக் கடிதம் பெயர் மட்டும் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. தம்பியின் கேள்விக்குப் பொருளாதார ஆய்வாளர்களே பதில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா வெளிநாட்டு நர்ஸ்களுக்கு விசாவைத் தாராளமாக்கியபோது பிலிப்பைன்ஸில் என்ன நடந்தது என்று அபார்கார், தியோஹரைட்ஸ் என்ற இருவர் கணக்குப் பார்த்தார்கள். வெளியேறிய ஒவ்வொரு நர்ஸுக்கும் கூடுதலாக 9 பேர் நர்ஸ் உரிமம் பெற்றிருந்தார்கள். (உரிமத் தேர்வில் தேர்ச்சி விகிதம் குறைந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.) வெளிநாட்டு ஆசையில் படிக்க வந்தவர்கள் ஏராளம், போக முடிந்தவர்கள் கொஞ்சம். மற்றவர்கள் படிப்போடு சொந்த நாட்டிலேயே இருந்தார்கள். ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுக்கக் கல்லூரிகள் நர்ஸிங் படிப்புகளைப் பெருக்கின. இடம் இல்லாவிட்டால் அந்த 9 ஏது?

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். போகிறவன் போகிறான், இருக்கிறவளுக்கு இருந்த இடமும் போகிறது. மகன் எதை முடித்தான், எதைப் படிக்கப் போகிறான், எங்கே வேலை பார்ப்பான், எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு மட்டும் "ஏதாவது". நல்ல மார்க் எடுத்த பெண்ணுக்குப் பாடத்தின் பெயர்கூடக் கிடையாதா? "ஒன்றும் சொல்லவில்லை" என்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா?

அவன் சம்பாதித்துத் தங்கையைப் படிக்க வைப்பான் என்று ஆரம்பிக்காதீர்கள். அவனுக்கு வேலை கிடைக்கும்வரை இவளுடைய வயது காத்திருக்காது. சேமிப்பிலிருந்து முதலில் மகளின் கட்டணத்தை எடுத்து வையுங்கள். மகன் தன் பெயரில் கல்விக்கடன் வாங்கட்டும், அடைக்கப் போகிறவன் அவன்தானே. அப்புறமும் போதவில்லையா? ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகட்டும். அண்ணன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

அஞ்சல்வழி விண்ணப்பத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் நிறுத்துங்கள். இன்று இரவே அவளை உட்கார வைத்து, என்ன படிக்க ஆசை என்று கேளுங்கள். உங்கள் மனம் நோகாமல் பதில் சொல்லப் பழகியிருப்பாள். முதல் பதிலை நம்பாமல் இன்னொரு தடவை கேளுங்கள்.