இணையவழி மருத்துவச் சேவையை மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்த என்ன செய்ய வேண்டும்?

பார்வையற்ற ஒருவர், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளைக் கொண்டு மருத்துவரைச் சந்திக்க முன்பதிவு செய்யும்போது, பெரும்பாலும் அவரைத் தடுப்பவை பெயரிடப்படாத பொத்தான்களும், பயனர் மனிதர்தானா என்று சோதிக்க, படமாக மட்டுமே காட்டப்படும் கேப்ட்சாப் புதிரும், ஓடிபியை உள்ளிடுவதற்குள் காலாவதியாகிவிடும் பக்கமுமே ஆகும். எனவே சீரமைப்பை உள்நுழைவுப் பக்கத்திலிருந்தே தொடங்குவது நல்லது. எல்லாப் பணிகளையும் விசைப்பலகையாலேயே முடிக்க இயல வேண்டும். வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிறமாறுபாடு (இரண்டின் ஒளிர்வு விகிதம்) தேவை என்பது சர்வதேச இணைய அணுகல்தன்மை நெறிமுறை.

காணொளி ஆலோசனையில் செவித்திறன் குறைந்தவருக்குப் பேச்சை உடனுக்குடன் திரையில் காட்டும் நேரடி எழுத்துவடிவமும், சைகைமொழிபெயர்ப்பாளர் மூன்றாம் நபராக இணையும் வசதியும் வேண்டும். தானியங்கி எழுத்துவடிவம் மருந்தின் பெயரையும் அளவையும் பிழையாகக் காட்டக்கூடும் என்பதால், அவற்றை மருத்துவரே தட்டச்சு செய்து அனுப்புவதுதான் பாதுகாப்பானது. பலரும் கவனிக்கத் தவறுவது மருந்துச்சீட்டை: கையால் எழுதி ஒளிப்படமாக அனுப்பப்படும் சீட்டைத் திரைவாசிப்பானால் நம்பகமாகப் படிக்க இயலாது, எழுத்தாகவே வழங்க வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவையாளர்களுக்கும் பொருந்தும். எண்ணிம (டிஜிட்டல்) சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2022-இல் வெளியிட்ட தொலைமருத்துவ அணுகல்தன்மைத் தரநிலை, வடிவமைப்பாளருக்கு நல்ல சரிபார்ப்புப் பட்டியலாக உதவும். தானியங்கிச் சோதனைக் கருவிகள் பிழைகளில் ஒரு பகுதியையே கண்டறியும் என்பதால், வெளியிடுவதற்கு முன்பே மாற்றுத்திறனாளிகளை, உரிய ஊதியத்துடன், சோதனையில் ஈடுபடுத்த வேண்டும்.