மது, புகையிலை விளம்பரத்துக்குத் தடை இருக்கும்போது அதே பெயரில் சோடாவும் ஏலக்காயும் எப்படி டிவியில் வருகின்றன?

எங்கள் மாமாவுக்கு போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம். ஐபிஎல் சமயத்தில் அவர் வீட்டுக்குப் போனால் எனக்கு மேட்சைவிட, இடையில் வரும் விளம்பரங்களைப் பார்த்து அவர் கேட்கும் கேள்விகள்தான் பிடிக்கும். பெரிய இந்தி நடிகர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வந்து, ஒரு சின்னப் பாக்கெட்டைக் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார்களே, அந்த ஏலக்காய் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "மாப்ளே, இவன் சரக்கு எங்க எடுக்கிறான்?" என்றார். "நானும் முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஏலக்காய் வித்து இந்த மூணு பேருக்கும் சம்பளம் கொடுக்க முடியும்னா நான் ஏன் இன்னும் டிவிஎஸ் ஃபிப்டியில போறேன்?"

உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும்தான் நடக்கிறது. 2019-ல் கிலோ 7,000 ரூபாய் வரை போய் ஊரே வாயைப் பிளந்தது. அந்த வருஷம்கூட எட்டு எம்எம் பருமனுள்ள நல்ல காய் விற்க யாரும் நடிகரைத் தேடிப் போகவில்லை. டிவியில் ஒரு விளம்பரம் வந்தால், காட்டப்படும் பொருள் அந்த விளம்பரச் செலவைத் தாங்குமா என்று மாமா மாதிரி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தாங்காது என்றால் செலவை வேறு ஏதோ ஒரு பொருள் தாங்குகிறது.

ஆங்கிலத்தில் இதை சரோகேட் விளம்பரம் என்கிறார்கள். எனக்குப் பினாமி விளம்பரம் என்று சொன்னால்தான் சரியாக வருகிறது. பத்திரம் மச்சான் பெயரில் இருக்கும். வாடகை யார் பைக்குப் போகிறது என்று தெருவுக்கே தெரியும். இங்கே பத்திரம் சோடாவின் பெயரில், வாடகை அதே பெயருள்ள விஸ்கிக்கு.

நான் இந்தக் கூத்தில் கொஞ்ச நாள் கூலிக்கு வேலை பார்த்தவன். 2010-11 வாக்கில் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் காப்பி எழுதிக்கொண்டிருந்தேன். பெரிதாக நினைக்க வேண்டாம், மும்பையில் எடுத்த இந்தி விளம்பரங்களுக்கு உதட்டசைவு பார்த்துத் தமிழ் வசனம் போடுவதுதான் முக்கால்வாசி வேலை. ஒருநாள் ஒரு விஸ்கி பிராண்டின் 'மியூசிக் சிடி' வந்தது. முப்பது விநாடி. மலைமேல் ஒரு பங்களா, சாயங்கால வெளிச்சம், நாலு நண்பர்கள். ஒருவன் தாமதமாக வந்து வாசலில் நிற்கிறான், மற்ற மூவரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள், மேஜையில் என்ன இருக்கிறது என்று கண் போவதற்குள் ஷாட் மாறிவிடுகிறது. முப்பது விநாடியில் ஒருத்தன்கூடப் பாட்டுக் கேட்கவில்லை. கடைசியில் பிராண்டின் பெயர் திரை முழுக்க வருகிறது, அதற்குக் கீழே எறும்பு சைஸில் 'மியூசிக் சிடி'.

இந்தி வசனத்தில் 'ஸ்மூத்' என்று ஒரு வார்த்தை. அதற்குத் தமிழில் என்ன போடுவது என்று ஒரு மணி நேரம் பேசினோம். 'மென்மை' என்றேன், சோப்பு மாதிரி இருக்கிறது என்றார்கள். சரி, பாட்டு சிடிதானே என்று 'இனிமை' என்றேன். கிளையன்ட் தரப்பிலிருந்து வந்திருந்தவர் தலையாட்டி மறுத்தார். "இனிமைன்னா பாட்டு ஞாபகம் வந்துடும் சார்." அவர் ஜோக் அடிக்கவில்லை. கடைசியில் 'இதம்' ஜெயித்தது. ரெக்கார்டிங்கில் குரல் கொடுத்தவரிடம், "பேரைச் சொல்லிட்டு ஒரு மூச்சு விடுங்க. சிடிங்கிறதை அப்புறம் சட்டுனு முடிச்சிடுங்க" என்று சொன்னார்கள். வெளியே டீ குடிக்கும்போது அந்தச் சிடி ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எதுக்கு?" என்றார்.

இதில் நாங்கள் எந்த விதியையும் மீறவில்லை, அதுதான் விசேஷம். கேபிள் டிவி விதிகளில் 7-வது விதி, மது, சிகரெட், புகையிலைப் பொருட்களை நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது. 2009-ல் அதற்கு ஒரு துணை விதி சேர்த்தார்கள். அதே பெயரையோ லோகோவையோ வைத்திருக்கும் வேறு பொருளை விளம்பரப்படுத்தலாம். ஆனால் கதையில் அந்தப் பொருள் மட்டும்தான் வர வேண்டும், தடை செய்யப்பட்ட பொருளைச் சுட்டும் சொல், ஜாடை, நிறம், வடிவமைப்பு எதுவும் கூடாது, தடைப் பொருளுக்கே உரிய சூழலையும் காட்டக் கூடாது, தணிக்கை வாரியம் பார்த்துச் சான்று தர வேண்டும். படிக்கும்போது இடுக்கே இல்லாத விதி மாதிரி தெரியும். நாங்கள் அந்தப் பட்டியலை மேஜையில் வைத்துக்கொண்டு வரி வரியாக டிக் அடித்தோம். பாட்டில் இல்லை, கிளாஸ் இல்லை, 'சியர்ஸ்' இல்லை. நாலு நண்பர்கள் சிரிப்பது எந்தப் பொருளுக்கு உரிய சூழல் என்று எந்த அதிகாரி எழுதி வைக்க முடியும்?

விளம்பரத் துறையே நடத்தும் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி, மாமாவின் கணக்கையே விதியாக எழுதி வைத்திருக்கிறது. பினாமிப் பொருள் கடையில் உண்மையிலேயே கிடைக்க வேண்டும், நாடு முழுக்க என்றால் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், ஒரு மாநிலத்தில் மட்டும் என்றால் 1 கோடி ரூபாய் விற்பனை காட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. நல்ல யோசனைதான். ஆனால் சாராய ஆலை நடத்துகிறவருக்கு 5 கோடி எம்மாத்திரம்? விளைவு, அதுவரை பேருக்கு இருந்த சோடா நிஜமாகவே பாட்டிலில் அடைக்கப்பட்டுக் கடைக்கு வந்தது. சான்றிதழும் தயார். இன்றைக்கு அந்தப் பெயரில் சோடா இல்லை என்று நீங்கள் வழக்குப் போட முடியாது, இருக்கிறது.

2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்து, பினாமி விளம்பரத்துக்கு நேரடியாகவே தடை போட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம். நடித்தவர்களுக்கும் தடை விதிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறதா? அதே பிரிவின் கீழேயே, தடை செய்யப்பட்ட பொருளின் பெயர் இன்னொரு பொருளுக்கும் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அதைப் பினாமி விளம்பரம் என்று சொல்லிவிடக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். நியாயமான வரிதான் என்று வக்கீல் நண்பர் சொல்கிறார், பெயர் ஒத்துப்போவதே குற்றமாகிவிடக் கூடாதாம். எனக்கென்னவோ, பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைப் பக்கத்து ஆணியிலேயே மாட்டியது மாதிரிதான் இருக்கிறது.

இப்போது ஏலக்காய்க்கு வருகிறேன். சோடாவைவிட இது நுணுக்கமான வேலை, இதில் இரண்டு அடுக்குப் பினாமி இருக்கிறது. புகையிலை கலந்த குட்காவை மாநிலங்கள் 2012-லிருந்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரிசையாகத் தடை செய்தன. தமிழ்நாட்டிலும் 2013-ல் தடை வந்தது. பல ஊர்களில் குட்கா இரண்டாகப் பிரிந்தது: ஒரு பாக்கெட்டில் புகையிலை இல்லாத பான் மசாலா, இன்னொன்றில் வெறும் புகையிலை. இரண்டையும் வாங்கி உள்ளங்கையில் கலந்துகொள்ள வேண்டியது வாடிக்கையாளர் பொறுப்பு. பான் மசாலா தன்னளவில் சாதுவான பொருளும் இல்லை. அதில் இருக்கும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. (வெற்றிலைப் பெட்டியோடு வாழ்ந்த எங்கள் பாட்டியிடம் இதைச் சொல்லியிருந்தால் எனக்கு உலக்கை அடி விழுந்திருக்கும்.) அதனால் பான் மசாலா பாக்கெட்டில் உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை கட்டாயம். அப்படி எச்சரிக்கை போட வேண்டிய பொருளின் விளம்பரத்தில் பிரபலங்கள் நடிக்கக் கூடாது என்பது ஆஸ்கி விதி. ஏலக்காய்க்கு எச்சரிக்கை உண்டா? பாயசத்தில் போடுவதற்கு யார் எச்சரிக்கை போடுவார்கள்? ஆக, பான் மசாலாவின் பெயரை ஏலக்காய்க்கு வைத்தால் ஹீரோ வந்து நிற்கலாம். புகையிலைக்குப் பான் மசாலா பினாமி, பான் மசாலாவுக்கு ஏலக்காய் பினாமி.

ஹீரோக்களுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். 2021 அக்டோபரில் அமிதாப் பச்சன் ஒரு பான் மசாலா விளம்பரத்திலிருந்து விலகிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அது பினாமி விளம்பரத்தில் சேரும் என்று தெரியாமல் ஒப்புக்கொண்டதாக அவர் தரப்பில் விளக்கம் வந்தது. 2022 ஏப்ரலில் அக்ஷய் குமார் ஏலக்காய் விளம்பரத்துக்காக ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டு விலகினார், சம்பளத்தை நல்ல காரியத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னார், ஒப்பந்தக் காலம் முடியும்வரை விளம்பரம் ஓடலாம் என்பதையும் அதிலேயே சேர்த்துக்கொண்டார். இவர்களுக்கெல்லாம் முன்னாடி, 2016-ல், ஜேம்ஸ் பாண்டாக நடித்த பியர்ஸ் பிராஸ்னனே ஒரு பான் மசாலா டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்றார். மூன்றில் அவர் சொன்னதைத்தான் நான் நம்புகிறேன். அயர்லாந்துக்காரருக்குப் பான் மசாலா பற்றி என்ன தெரியும்?

இதற்கெல்லாம் மேலே ஒரு படி, விளம்பரமே தேவைப்படாத பினாமி. 2008-ல் விஜய் மல்லையா பெங்களூரு அணியை வாங்கி ராயல் சேலஞ்சர்ஸ் என்று பெயர் வைத்தார். அவர் நிறுவனத்தின் விஸ்கிக்குப் பெயர் ராயல் சேலஞ்ச். 2024-ல் அணிப் பெயரில் இருந்த பெங்களூர், பெங்களூரு ஆனது. ராயல் சேலஞ்சர்ஸை யாரும் தொடவில்லை. 2025 ஜூனில் அவர்கள் முதல் ஐபிஎல் கோப்பையை ஜெயித்த மறுநாள் எல்லாப் பத்திரிகையின் முதல் பக்கத்திலும் அந்தப் பெயர், காலணா செலவில்லாமல். நானும் அன்றைக்கு ஸ்டேட்டஸ் போட்டவன்தான், கோலிக்காக. அந்த ஆண்டு மார்ச்சில்தான் மத்திய சுகாதாரத் துறை ஐபிஎல் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, பினாமி விளம்பரங்கள் உட்பட மது, புகையிலை விளம்பரம் எதுவும் மைதானத்திலும் ஒளிபரப்பிலும் கூடாது என்று கேட்டிருந்தது. அணியின் பெயருக்கு என்ன செய்வது?

வெளிநாட்டில் கட்டுப்பாடு கடுமையாக இருக்கும் என்று நினைத்தால், அங்கேயும் இதே கூத்துதான், கொஞ்சம் ஸ்டைலாக. 2010 வரை ஃபெராரி ரேஸ் காரில் மார்ல்பரோ சிகரெட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு, வெள்ளை, கறுப்பில் பார்கோடு மாதிரி வெறும் கோடுகள் இருந்தன. வேகமாகப் போகும்போது அது என்னவாகத் தெரிந்தது என்று சண்டை வந்ததும் எடுத்துவிட்டார்கள். பிரான்சில் மைதானங்களில் மது விளம்பரத்துக்குத் தடை. 2016 யூரோ கால்பந்தில் கார்ல்ஸ்பெர்க் தன் பெயரைப் போடாமல், தன்னுடைய பச்சை நிறத்திலும் எழுத்திலும் 'அநேகமாக' என்று பொருள்படும் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பலகைகளில் போட்டது. 'அநேகமாக உலகிலேயே சிறந்த பீர்' என்ற அவர்களது வாசகம் தெரிந்தவர்களுக்கு அது போதும். இலங்கையில் 2006-ல் வந்த சட்டம் மது, புகையிலை இரண்டின் விளம்பரத்தையும் தடை செய்கிறது. அங்கே டிவியில் நம் படங்கள் ஓடும்போது ஹீரோ வாயில் இருக்கும் சிகரெட்டைப் புகைமூட்டமாக்கி விடுகிறார்கள். எல்லோருக்கும் அது சிகரெட் என்று தெரியும்.

தமிழ்நாட்டில் விஸ்கிப் பெயர் சோடாவுக்குத் தனியாகத் தமிழில் விளம்பரம் எடுப்பது ஏன் குறைவு என்று கேட்டால், என் ஊகம் டாஸ்மாக்தான். 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க அரசிடம். கவுன்டரில் பிராண்டுப் பெயர் சொல்லிக் கேட்டால், "அது இல்ல, இது இருக்கு, வேணுமா?" என்பதுதான் பெரும்பாலும் பதில். குவாட்டர் வந்தால் போதும் என்று நிற்பவரிடம் மலை பங்களாவையும் நாலு நண்பர்களையும் காட்டி என்ன பிரயோஜனம்?

போன வருஷம் வேலையாக போபால் போயிருந்தேன். ஸ்டேஷன் வாசலில் ஒரு பெட்டிக்கடை, முன்னால் சரம் சரமாகப் பாக்கெட்டுகள். சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று, ஏலக்காய் என்று சொல்லாமல், அந்த விளம்பரத்தில் வரும் பெயரை மட்டும் சொல்லிக் காசை நீட்டினேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இரண்டு பாக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஒன்று பான் மசாலா, ஒன்று புகையிலை. ஏலக்காய் இல்லையா என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். பக்கத்துக் கடையைக் கை காட்டினார். அது மளிகைக்கடை.

பான் மசாலாப் பாக்கெட்டை மட்டும் மாமாவிடம் காட்டலாம் என்று எடுத்து வந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கப் பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்தார். பாக்கு, காசுக்கட்டி, சுண்ணாம்பு, வாசனைப் பொருட்கள், கடைசியில் ஏலக்காய்.

"அட, கொஞ்சம் போட்டுத்தான்டா இருக்கான்" என்றார்.