செருப்பைத் தொடாத நாய்

நாகர்கோவில் வாசகி ஒருவரின் கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது. நானும் கணவரும் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்துக்காக, உள்ளே தீனி அடைத்துக் கொடுக்கும் பொம்மைகள் மூன்று வாங்கினோம். ஒவ்வொன்றையும் இரண்டே நாளில் கடித்துத் துண்டாக்கிவிட்டது. குலசேகரத்தில் அப்பாவிடம் வளர்ந்தவரை ஒரு செருப்பைக்கூட அது தொட்டதில்லை. விடியுமுன் அவர் ரப்பர் பால் வெட்டப் போகும்போது கூடவே போய்வரும். அம்மா இறந்தபின், அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று இங்கே கொண்டுவந்துவிட்டோம். உடையாத பொம்மை எது?

பதில்: உடையாத பொம்மை எதுவும் இல்லை, உடைய நாளாகும் பொம்மை உண்டு. சுவர் தடித்த, உள்ளே குடைவான இயற்கை ரப்பர் பொம்மையை வாங்குங்கள். 1970களில் அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவர், கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்ட தம் நாய் வோக்ஸ்வாகன் வேனின் ரப்பர் பாகம் ஒன்றை விடாமல் கடித்ததைப் பார்த்துத்தான் ‘காங்’ பொம்மையை உருவாக்கினார். அதில் சிவப்பு சாதாரண நாய்க்கு, கறுப்பு பலமாகக் கடிக்கும் நாய்க்கு. உடையக் கூடாது என்று கல்போன்ற நைலானையோ மாட்டெலும்பையோ கொடுத்துவிடாதீர்கள். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் சற்றும் பதியாத பொருள், மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லைப் பிளந்துவிடும். நாக்கு உறிஞ்சப்பட்டுச் சிக்கிக்கொள்ளாதபடி இரண்டு பக்கமும் துளை இருக்க வேண்டும். முழுதாகக் கடைவாய்க்குள் போகாத அளவும் இருக்க வேண்டும். ஒரு துண்டு பெயர்ந்தாலும் குப்பையில் போடுங்கள்.

உள்ளே அடைக்கத் தனித் தீனி வாங்க வேண்டியதில்லை. நன்றாக வேகவைத்து நீர் வடித்த மரச்சீனிக்கிழங்கையும் பாதி மட்டிப்பழத்தையும் பிசைந்து, முள் எடுத்த மீனைக் கொஞ்சம் சேர்த்து அடைத்து, இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்தால், மறுநாள் அது நக்கி முடிக்க வெகுநேரம் ஆகும். அந்த அளவை அன்றைய சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள். உலர்திராட்சை கூடவே கூடாது. கடலை வெண்ணெய் வாங்கினால் அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இல்லை என்று பார்த்து வாங்குங்கள், அந்த இனிப்பூட்டி நாய்க்கு விஷம். மாலையில் வெந்நீரில் கழுவாவிட்டால் எறும்பு மொய்த்துவிடும்.

பொம்மைக்கு இவ்வளவு போதும். ஒரு செருப்பைக்கூடத் தொட்டதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை எழுதிய பிறகும் உங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லையா? இருட்டில் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகும் மனிதரோடு நடந்து, பால் வடியும் ஒவ்வொரு சிரட்டையையும் மோந்து பார்த்துத் திரும்பிய நாய் அது. அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு, பகல் முழுவதும் பூட்டிய வீட்டில் அடைத்துவிட்டு, அது ரப்பரைக் கடிக்கிறது என்று எனக்குப் புகார் எழுதுகிறீர்கள்.

சிரமம் என்றீர்களே, அதை உங்கள் அப்பா சொன்னாரா? கடிதத்தில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. மனைவியை இழந்தவரின் வீட்டிலிருந்து, அவரோடு விடியலில் எழுந்த இன்னொரு உயிரையும் அப்புறப்படுத்திவிட்டு, அதற்கு அக்கறை என்று பெயர் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெற்றவரின் சார்பில் பிள்ளைகள் பேசி முடிவெடுக்கும் வழக்கம் நம் ஊரில் வரவர அதிகமாகிவிட்டது. பெரியவர் வாய் திறக்குமுன்னே அவருக்கு என்ன வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

குலசேகரம் ஒன்றும் வெளிநாட்டில் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நாயை ஏற்றிக்கொண்டு போய், அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். முடியாது என்று அவரே சொன்னால் திரும்பக் கொண்டுவந்து, வேலைக்குக் கிளம்புமுன் உங்களில் ஒருவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் அதை நடத்துங்கள். இருக்கட்டும் என்றால் விட்டுவிட்டு வாருங்கள். வருடாந்திர வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் உண்ணி மருந்தும் தீனிச் செலவும் உங்கள் பொறுப்பு, அவருடையது அல்ல. வாங்கிய பொம்மையையும் அங்கேயே வையுங்கள். மழை பிடித்துப் பால் வெட்டு நின்றுபோகும் நாட்களில் திண்ணையில் அதற்கு வேலை இருக்கும்.