படைவீரர் குடியிருப்பில் தனிமை முகாம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொள்ளைநோய் பரவும் நேரத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களைத் தனிமைப்படுத்த ராணுவக் குடியிருப்புகளை எடுத்துக்கொள்ளலாமே? ஆயிரக்கணக்கான கட்டில்கள் அங்கே இருக்கின்றனவே?

பதில்: எடுத்துக்கொள்ளலாம், எடுத்தும் இருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் வூஹானிலிருந்து அழைத்துவரப்பட்ட இந்திய மாணவர்களில் ஒரு பகுதியினரை ராணுவம் ஹரியானாவின் மானேசரில் தங்கவைத்தது. அதற்குச் சில நாள் முன்பு அமெரிக்கா 195 பேரைக் கலிபோர்னியாவில் உள்ள ‘மார்ச்’ என்ற விமானப்படைத் தளத்தில் இறக்கியது. கனடா ட்ரென்டன் விமானப்படைத் தளத்தைப் பயன்படுத்தியது.

ஆனால் கட்டில் எண்ணிக்கையை நம்பி இறங்கினால் கணக்கு தப்பும். எண்ண வேண்டியவை கழிவறைகளும் கதவுகளும்தான். 14 பேர் படுக்கும் ஒரு கூடத்துக்குப் பொதுக் கழிவறை என்றால், தனிமைப்படுத்தல் கணக்கில் அது 14 இடம் அல்ல, ஒரே ஒரு இடம். பத்தாவது நாளில் ஒருவருக்குத் தொற்று உறுதியானால் மீதி 13 பேருக்கும் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டு வாரத்தில் காலியாக வேண்டிய கூடம் ஒரு மாதம் ஆனாலும் காலியாகாது. அடுத்த விமானத்தில் வருபவர்களை எங்கே வைப்பது?

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள நேப்பியர் படைக்குடியிருப்பில் நடந்ததைப் பாருங்கள். அது தனிமை முகாம் அல்ல, புகலிடம் கோரியவர்களைத் தங்கவைத்த இடம். ஒரு கூடத்தில் 12 முதல் 14 பேர் வரை படுத்தார்கள். கொரோனா காலத்தில் இத்தகைய கூடங்கள் ஏற்றவை அல்ல என்று பொதுச் சுகாதாரத் துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. 2021 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 பேருக்குத் தொற்று வந்தது. அந்த ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் அங்கிருந்த தங்கும் ஏற்பாடு சட்டம் கோரும் குறைந்தபட்சத் தரத்துக்குக்கூட இல்லை என்று தீர்ப்பளித்தது. மார்ச் தளத்தில் வந்திறங்கியவர்களுக்கோ கிடைத்தவை வீரர்களின் படுக்கைக் கூடங்கள் அல்ல, தளத்துக்கு வந்துபோகும் விருந்தினருக்கான விடுதி அறைகள்.

கேள்வி: அப்படியானால் ராணுவக் கட்டடங்களில் எது ஏற்றது?

பதில்: குடும்பக் குவார்ட்டர்ஸ் முதல் தரம். தனி வாசல், தனிக் கழிவறை, தனிச் சமையலறை. ஒரு குடும்பத்தை அப்படியே ஒரு வீட்டில் விட்டுவிடலாம். இதில் சிக்கல் என்னவென்றால், இந்த வீடுகள் பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை. வீரர்களின் மனைவி மக்களை வெளியேற்றி முகாம் அமைப்பதை எந்தத் தளபதியும் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது.

அடுத்தது அதிகாரிகள் தங்கி உண்ணும் மெஸ், விருந்தினர் அறைகள். குளியலறை அறைக்குள்ளேயே இருக்கும். ஆனால் இரு பக்கமும் அறைக் கதவுகள் உள்ள மூடிய நடைபாதை ஆபத்தானது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், விடுதியில் தொற்றோடு தனிமையில் இருந்த ஒருவரின் கதவு மூடி 50 வினாடிக்குள் இன்னோர் அறைக் கதவு திறந்தது. நடைபாதையில் தங்கிய காற்று வழியாகவே அந்த அறைக்குத் தொற்று போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். எனவே சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் தட்டாதீர்கள். ஒரு பக்கம் முடிந்து, கணிசமான இடைவெளி விட்டு, மறுபக்கம். ஆஸ்திரேலியாவின் ஹோவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில் இந்தத் தலைவலி குறைவு. எரிவாயுத் திட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய அறைகள் அவை. கதவைத் திறந்தால் வெளிக்காற்றுதான்.

வீரர்களின் படுக்கைக் கூடம் கடைசி. வேறு வழியே இல்லை என்றால் ஒரே நாளில், ஒரே வண்டியில் வந்தவர்களை மட்டும் ஒன்றாகப் போடுங்கள். மானேசரில் அதிகபட்சம் 50 பேர் கொண்ட பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவினர் இன்னொரு பிரிவினரோடு கலக்காமல் பார்த்துக்கொண்டார்கள். கட்டில்களுக்கிடையே 1 மீட்டர் என்பது அடிமட்ட அளவு. அதுவே போதுமென்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: காற்றோட்டம் எவ்வளவு வேண்டும்?

பதில்: இயற்கைக் காற்றோட்டம் என்றால் ஆளுக்கு வினாடிக்கு 60 லிட்டர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள ஓர் ஆள் அறைக்கு இது மணிக்கு 216 கன மீட்டர், அதாவது அறைக்காற்று முழுவதும் 6 முறை மாற வேண்டும். எதிரெதிர் ஜன்னல் இருந்தால் நடக்கும். 15 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், அதே உயரமுள்ள கூடத்தில் 14 பேர் இருந்தால் மணிக்கு 11 முறைக்கு மேல் மாற வேண்டும். குளிர் இரவில் யாராவது எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டால் கணக்கு அத்தோடு முடிந்தது.

கேள்வி: நெடுநாள் பூட்டிக்கிடந்த குடியிருப்பை ஒரு வாரத்தில் தயார் செய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெயின்ட் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டுக் குழாய்களிலிருந்து தொடங்குங்கள்.

தரை வடிகாலின் கீழே வளைகுழாய் இருக்கும். அதில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வராமல் தடுக்கும் அடைப்பு. மாதக்கணக்கில் யாரும் புழங்காவிட்டால் அது வற்றிவிடும். 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் 300க்கும் மேற்பட்டோருக்குச் சார்ஸ் பரவியதற்கு இந்த வறண்ட வளைவுகள் முக்கியக் காரணம். குளியலறை மின்விசிறி காற்றை வெளியே தள்ளத் தள்ள, கழிவுக்குழாயிலிருந்த நுண்துளிகள் வீட்டுக்குள் இழுக்கப்பட்டன. ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள், வாரம் ஒருமுறை திரும்ப ஊற்றுங்கள். தேவையே இல்லாத வடிகாலை அடைத்துவிடுவது மேல்.

அடுத்த ஆபத்து லெஜியோனெல்லா. 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை தேங்கிய நீரில் பெருகும் இந்தக் கிருமி, ஷவரின் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போகும். தொட்டியைக் கழுவி நிரப்புங்கள். ஷவர் தலையைக் கழற்றிக் கிருமிநீக்கம் செய்யுங்கள். நீர் உள்ளே வரும் இடத்துக்குப் பக்கத்துக் குழாயில் தொடங்கிக் கடைசிக் குழாய்வரை பழைய நீர் முழுவதும் போகத் திறந்துவிடுங்கள். வெந்நீர்த் தொட்டி 60 டிகிரியில் இருக்க வேண்டும்.

பிறகு, திறக்காத ஜன்னல்கள். பல தடவை பெயின்ட் அடித்து ஒட்டிப்போனவை ஏராளமாக இருக்கும்.

கேள்வி: ராணுவ ஒழுங்கு இருக்கும் இடத்தில் தொற்று பரவாது அல்லவா?

பதில்: பரவும். 2020இல் அமெரிக்க மரைன் படைக்குப் புதிதாகச் சேர்ந்த 1,848 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வீட்டில் இரண்டு வாரம், பிறகு மூடப்பட்ட கல்லூரி வளாகத்தில் கண்காணிப்பில் இரண்டு வாரம். முகக்கவசம், இடைவெளி எல்லாம் இருந்தன, அறைக்கு இருவர். வளாகத்துக்கு வந்த முதல் இரண்டு நாளில் 16 பேருக்கும், 14ஆம் நாளுக்குள் மேலும் 35 பேருக்கும் தொற்று தெரிந்தது. அன்றாட அறிகுறிச் சோதனையில் அகப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. திட்டமிட்ட ஆய்வகப் பரிசோதனைதான் எல்லாரையும் காட்டியது. வாசலில் வெப்பமானியோடு ஆளை நிறுத்தித் திருப்தி அடைபவர்கள் இதைக் கவனிக்கவும்.

கேள்வி: காவலுக்கும் பரிமாறவும் வீரர்களையே வைக்கலாமா?

பதில்: வெளி வேலிக் காவலுக்கு வைக்கலாம். உள்ளே வேண்டாம்; அவர்கள் திரும்பிப் போய்ப் படுப்பதும் ஒரு கூடத்தில்தான். மார்ச் தளத்தில் பாதுகாப்புத் துறை கட்டடத்தை மட்டுமே கொடுத்தது, கவனிப்பு சுகாதாரத் துறையுடையது. வெளியே போகக் கூடாது என்ற சட்ட ஆணையையும் 2020 ஜனவரி 31 அன்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையமே (CDC) பிறப்பித்தது, தளபதி அல்ல.

கேள்வி: ஒருவர் போன பின் அறையை எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: முதலில் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வெளியே வாருங்கள். காற்று நன்றாக மாறிய பிறகு சோப்பு நீரால் அழுக்கைத் துடையுங்கள். அழுக்கின் மேல் குளோரின் வேலை செய்யாது. பிறகு 5 சதவீத பிளீச் 1 பங்கு, தண்ணீர் 49 பங்கு கலந்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். தொட்ட இடமெல்லாம் பூசி 1 நிமிடமாவது ஈரமாக இருக்க விடுங்கள். ரத்தம், வாந்தி சிந்திய இடத்துக்கு 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கழிவறை ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.